ஐந்து நட்சத்திரம், ஐந்து ஆண்டுப் பகை

1995ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த தொழில்முறை மல்யுத்தப் போட்டிகளில் எது தலைசிறந்தது? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' என்ற மாலை நாளிதழ் 1974 முதல் ஆண்டுதோறும் மல்யுத்த விருதுகள் வழங்கி வருகிறது. அந்த ஆண்டின் சிறந்த போட்டியாக அது தேர்ந்தெடுத்தது, அக்டோபர் 9 அன்று டோக்கியோ டோமில் கெய்ஜி முட்டோ நொபுஹிகோ தகாடாவை வென்ற போட்டியை. ஜப்பானிய மல்யுத்தத்தை வீடியோ கேசட்டில் பார்த்துப் பழகிய வெளிநாட்டு ரசிகர்களோ, ஜூன் 9 அன்று புடோகான் அரங்கில் நடந்த ஒரு டேக் போட்டியை, அதாவது இருவர் இருவராக அணி சேர்ந்து மோதும் போட்டியை, சொல்வார்கள். ஒரு பக்கம் மிட்சுஹாரு மிசாவா, கென்டா கோபாஷி; எதிரே தோஷியாகி கவாடா, அகிரா தாவே. அமெரிக்கச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் தம் 'ரெஸ்லிங் அப்சர்வர்' செய்திமடலில் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். எக்காலத்துக்கும் சிறந்த டேக் போட்டி அதுதான் என்று சொல்பவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள்.

முட்டோ–தகாடா போட்டியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அப்படியொன்றும் அசத்தாது. நேரமும் குறைவு, ஏற்ற இறக்கமும் குறைவு. ஆனால் அன்று டோமுக்கு 67,000 பேர் வந்ததாக அறிவிக்கப்பட்டது. தகாடா, யுடபிள்யூஎஃப் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் முகம். மற்றவர்கள் நடிக்கிறார்கள், நாங்கள்தான் நிஜமாக மோதுகிறோம் என்பதுதான் அந்த நிறுவனத்தின் வியாபாரமே. அப்படிப்பட்டவர், பழைய மல்யுத்தத்தின் அரதப் பழசான ஃபிகர் ஃபோர் கால்பூட்டில் சிக்கி, வலி தாங்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். முட்டோ இருந்த நியூ ஜப்பான் நிறுவனத்தின் முன்னால் ஒரு கொள்கையே அன்று மண்டியிட்டது. நாளிதழ் விருது கொடுத்தது அந்த நிகழ்வுக்கு. நட்சத்திரம் போடுபவர் பார்ப்பதோ ரிங்குக்குள் நடந்த வேலையை.

இதைக் கேட்டதும் முதலாவது தராசு அரசியல், இரண்டாவதுதான் கலை என்று முடிவு கட்டத் தோன்றும். நான் அந்தக் கட்சி இல்லை. அந்த டேக் போட்டியை நடத்திய ஆல் ஜப்பான் நிறுவனத்தின் போட்டிகளைப் பொறுத்தவரை, ரிங்குக்குள் நடந்ததை மட்டும் அளக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் அளப்பது பாதியைத்தான். மீதிப் பாதி முந்தைய போட்டிகளில் கிடக்கிறது.

முதலில் ஒரு பழைய கேள்வியைத் தீர்த்துவிடலாம். முடிவு முன்கூட்டியே பேசிவைக்கப்பட்ட சண்டைக்கு மதிப்பெண் எதற்கு? துரியோதனன் தொடை பிளந்து விழப்போகிறான் என்று தெரிந்தேதான் படுகளம் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். மல்யுத்தத்திலும் மதிப்பெண் வெற்றிக்கு அல்ல. அந்த வெற்றி கைநழுவிப் போய்விடும் என்று கடைசி நொடி வரை நம்பவைத்த திறமைக்கு. பேசிவைத்தது முடிவை மட்டும்தான். மார்பில் விழும் அறையும் கழுத்தில் இறங்கும் எடையும் நிஜம். 1990களின் ஆல் ஜப்பானில் அவை மற்ற இடங்களைவிடக் கூடுதல் நிஜம்.

நட்சத்திரக் கணக்கு மெல்ட்சரின் கண்டுபிடிப்பு அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ரசிகர் வட்டத்தில் புழங்கிய பழக்கம் அது. பின்னாளில் மேலாளராகப் பேர் வாங்கிய ஜிம் கார்னெட்டும் அந்த வட்டத்தில் இருந்தவர். மெல்ட்சர் அதைத் தம் செய்திமடலில் வாராவாரம் பயன்படுத்தி ஊரறியச் செய்தார். ஐந்து உச்சம், கால் நட்சத்திரம் வரை பகுப்பு உண்டு, படுமோசமானவற்றுக்குப் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். எழுதப்பட்ட விதிமுறை எதுவும் கிடையாது. அவருடைய ரசனையே விதி. கப்பல் தபாலில் வந்த கேசட்டைப் போட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த எண் உதவியது. ஆரம்பத்தில் அதன் பயன் அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டுகளில் அதிகம் கைமாறியவற்றுள் ஆல் ஜப்பானுடையவை முக்கியமானவை. அந்த நிறுவனத்தை 1972இல் தொடங்கியவர் ஜயன்ட் பாபா. இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம். மல்யுத்தத்துக்கு வருவதற்கு முன் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியில் பேஸ்பால் வீசியவர். அவரோடு மல்யுத்தம் பயின்ற அன்டோனியோ இனோகி அதே ஆண்டில் தொடங்கியது நியூ ஜப்பான். இனோகிக்குப் பரபரப்பு பிடிக்கும். முகமது அலியை ரிங்குக்கு இழுத்து வந்தவர் அவர். பாபா நிதானஸ்தர். அவருடைய பாணிக்கு 'ராஜபாட்டை' என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி சந்துபொந்துகளில் நுழையாத மல்யுத்தம் அது.

அதிலும் 1980களின் முடிவில் பாபா எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கட்டுரைக்கு அஸ்திவாரம். பெரிய ஆட்டங்கள் அதுவரை அடிக்கடி மழுப்பலாக முடிந்துகொண்டிருந்தன: இருவரும் ரிங்குக்கு வெளியே இருக்க நடுவர் எண்ணி முடித்துவிடுவார், அல்லது யாரோ ஒருவர் தகுதி இழப்பார். யாருடைய மதிப்பும் குறையாமல் காசு பார்க்கும் வழி அது. பாபா அதைப் படிப்படியாகக் கைவிட்டார். இனிமேல் முக்கியப் போட்டி என்றால் ஒருவர் தோள்கள் தரையில் பட மூன்று எண்ண வேண்டும். மூன்று பட்டங்களை ஒன்றாக்கிய டிரிபிள் கிரவுன் 1989 ஏப்ரல் 18 அன்று நிறுவனத்தின் முதல் தூணான ஜம்போ ட்சுருதாவின் கைக்கு வந்தது. தோற்றவர் அமெரிக்கரான ஸ்டான் ஹான்சன். தோல்விக்குச் சாக்கு இல்லாமல் போனபிறகு ஒவ்வொரு தோல்வியும் கணக்கில் ஏறியது. யார் யாரை இதுவரை வென்றதில்லை என்பதை ரசிகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

1990இல் நிறுவனத்தின் இரண்டாவது தூணான கெனிச்சிரோ டென்ரியு புதிதாக வந்த பணக்காரப் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். ட்சுருதாவுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. மிசாவா அப்போது டைகர் மாஸ்க் என்ற புலி முகமூடியுடன் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு மே 14 அன்று டோக்கியோவில் ஒரு டேக் போட்டியின் நடுவில் கூட்டாளியிடம் முதுகைக் காட்டி, முகமூடியின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்துவிட்டவர் கவாடா. முகமூடியைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டு மிசாவா சொந்த முகத்தோடு சண்டையைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் மிசாவாவின் தீராப் பகையாளி ஆகப்போகிறவர், அவருக்கு முகம் கொடுத்தவரும் ஆனார். இருவரும் டோச்சிகி மாவட்டத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பயின்றவர்கள். மிசாவா ஒரு வகுப்பு மூத்தவர். ஜப்பானில் அந்த ஒரு வகுப்பு வித்தியாசம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

அதே ஆண்டு ஜூன் 8 அன்று புடோகானில் மிசாவா ட்சுருதாவை வென்றார். பெரிய அடி எதுவும் கொடுத்து வெல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒருவரை ஒருவர் புரட்டி, மூத்தவரின் எடை ஒரு கணம் தப்பியபோது அவரை அழுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்த முடிவு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரியும். வென்றவன் இன்னும் சமமானவன் அல்ல, வெல்லக்கூடியவன், அவ்வளவே. செப்டம்பரில் மீண்டும் மோதியபோது ட்சுருதா அவரை முறையாகத் தோற்கடித்தார். மேலே ஏற ஆண்டுகள் ஆகும் என்று பாபா எல்லாருக்கும் சொல்லிவிட்டார். முதல் வெற்றியின் முடிவில் மிசாவா அழுததும், இளம் வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டதும் நாடகமாகத் தெரியவில்லை.

இங்கிருந்து பார்க்கத் தொடங்குபவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் ஆறு பேர் ஆட்டங்கள் விருந்து. 1991 ஏப்ரல் 20 அன்று கோராகுயென் ஹாலில் ட்சுருதா, தாவே, மசனோபு ஃபுச்சி ஒருபுறமும் மிசாவா, கவாடா, கோபாஷி மறுபுறமும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் மோதியது ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்தச் சின்ன அரங்கில் மூலைக்கு மூலை ஒரு தனிப்பகை. முக்கியமாக, கவாடாவும் தாவேயும் அப்போது எலியும் பூனையும். ரிங்கின் ஓரத்தில் சும்மா நிற்கும் நேரத்தில்கூட ஒருவர் மற்றவரை உதைத்துவிட்டுத்தான் போவார். தாவே சுமோவில் இருந்து வந்தவர். மிசாவா, கவாடா, கோபாஷி, தாவே என்ற நால்வரில் மிகவும் மெத்தனமாகத் தெரிபவரும் அவரே. மதிப்பெண் போடுபவர்கள் அவரை நெடுங்காலம் குறைத்தே மதிப்பிட்டார்கள். எனக்கு அவர் இல்லாத ஆல் ஜப்பான் உப்புச்சப்பில்லாதது.

1992இல் கல்லீரல் நோய் ட்சுருதாவை உச்சத்திலிருந்து இறக்கியது. மிசாவா ஹான்சனை வென்று சாம்பியன் ஆனார். எதிரே நிற்க மறுபடியும் ஆள் இல்லாத அதே சிக்கல். 1993இல் கவாடா நண்பரை விட்டுப் பிரிந்து, அதுவரை ஜென்மப் பகையாக இருந்த தாவேயுடன் கூட்டணி வைத்தார். மிசாவாவுக்கு இளையவர் கோபாஷி துணையானார். கோபாஷி பெரிய பின்னணி இல்லாமல் வந்தவர். ஓர் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தார். அறிமுகமாகி ஓராண்டுக்கு மேல் ஒரு தனிப் போட்டியிலும் வெல்லவில்லை. தோற்றுக்கொண்டே கூட்டத்தின் செல்லப்பிள்ளை ஆனவர் என்பது அவருடைய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடியில் ஓடுகிறது.

மிசாவாவும் கவாடாவும் 1994 ஜூன் 3 அன்று டிரிபிள் கிரவுனுக்காக மோதிய ஆட்டத்தைத்தான் தனியாட்டங்களின் சிகரம் என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் அதற்கும் உண்டு. ஏறத்தாழ 36 நிமிடம். அதில் கவாடா வலியைக் காட்டும் விதம் மட்டுமே ஒரு பாடம். மற்றவர்கள் முழங்கை அடி வாங்கியதும் விழுவார்கள். கவாடா விழமாட்டார். திருப்பி அடிக்கக் கை ஓங்குவார், ஓர் அடி முன்னே வைப்பார், அப்போதுதான் முழங்கால் தன்னிச்சையாக மடியும். உடம்பு தோற்றது மனத்துக்கு இன்னும் எட்டவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. கடைசியில் மிசாவா டைகர் டிரைவர் '91 என்ற பிடியை எடுத்தார். எதிராளியின் இரண்டு கைகளையும் பின்னால் பூட்டித் தலைகீழாகத் தூக்கி, கழுத்தும் தோளும் முதலில் தரையில் மோதும்படி இறக்குவது அது. கைகள் பூட்டப்பட்டிருப்பதால் விழுபவர் தம்மைக் காத்துக்கொள்ள வழியில்லை. பெயரில் இருக்கும் ஆண்டிலிருந்து அவர் அதை மிக அரிதாகவே வெளியில் எடுத்திருந்தார். அரிதான அந்த ஆயுதத்தை எடுக்கவைத்ததே கவாடாவின் வெற்றி என்று அரங்கில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. முதன்முறையாக இந்த ஒரு ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு அது ஒரு கொடூரமான வீச்சு மட்டுமே.

ஓராண்டு கழித்து நடந்த அந்த டேக் போட்டிக்கு வருவோம். அதற்கு முன் ஏப்ரலில் தொடர் போட்டியொன்றில் கவாடாவுடன் மோதியபோது மிசாவாவின் கண்குழி எலும்பு உடைந்திருந்தது. ஜூனில் கோபாஷி தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை கவாடா மிசாவாவை எந்தப் போட்டியிலும், டேக் ஆட்டத்தில்கூட, தோள் தரையில் பட அழுத்தி வென்றதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவ்வளவுதான். மீதியை ஆட்டமே சொல்கிறது.

கவாடாவும் தாவேயும் கோபாஷியின் கட்டுப்போட்ட காலைத் தேடிப்போகிறார்கள். அது வெறும் குரூரம் அல்ல, கணக்கு. கோபாஷி எழ முடியாமல் கிடந்தால் மிசாவா தனியாள். தனியாளான மிசாவாவுக்குக் கண்ணருகே பழைய காயம். கோபாஷி அந்தக் காலுடன் ஓடியும் தாவியும் ஒவ்வொரு முறையும் தன் ஆயுதத்தாலேயே தான் வலியை அனுபவிக்கிறார். ஆட்டத்தின் பிற்பகுதியில் மிசாவா அடிமேல் அடி வாங்கி மல்லாந்து கிடக்கும்போது, நிற்கவே முடியாத கோபாஷி ஊர்ந்துவந்து மூத்தவரின் உடல்மேல் குப்புறப் படுத்து மூடிக்கொள்கிறார். எதிர்த்துச் சண்டை போட அவரிடம் எதுவும் மிச்சமில்லை. உடம்பு மட்டும் இருக்கிறது, அதை இடையில் போடுகிறார். அவரை மிதித்தும் இழுத்தும்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. நாற்பது நிமிடம் கடந்தபின் கவாடா பவர்பாம்பில், அதாவது உயரத் தூக்கி முதுகு அறையும்படி, மிசாவாவைத் தரையில் இறக்கி அழுத்துகிறார். நடுவர் மூன்று எண்ணுகிறார். முகமூடிக் கயிற்றை அவிழ்த்துவிட்ட அந்த மே மாதத்திலிருந்து சரியாகச் சொன்னால் ஐந்து ஆண்டும் சில வாரங்களும்.

இந்தப் போட்டிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் புதிதாகப் பார்ப்பவர் நாலேகால் கொடுக்கலாம். தொடக்கம் நிதானம், நடுவில் கால் தாக்குதல் நீள்கிறது. 1990இலிருந்து வருபவர் ஐந்துக்குக் கீழே போகமாட்டார். இருவரும் பார்த்தது ஒரே படக்காட்சி. அந்த முக்கால் நட்சத்திரம் ரிங்குக்குள் இல்லை. ஆகவே நட்சத்திரங்களை வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பத்தை மட்டும் பொறுக்கிப் பார்ப்பது ஆல் ஜப்பானுக்குச் சரிப்படாத வழி. இப்போது பெரும்பாலானோர் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதும், பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கிறார்கள் என்பதும் வேறு விஷயம்.

கூட்டத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் புடோகானில் பொதுவாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 16,300. அறிமுகத்தின்போது வண்ண நாடாக்கள் பறந்து ரிங் முழுவதும் சிக்கிக்கொள்ளும். இளம் பயிற்சியாளர்கள் அள்ளி எடுத்துப் போவார்கள். நடுவர் கியோஹேய் வாடாவின் பெயர் அறிவிக்கப்படும்போது அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தும்; நடுவருக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பார்த்தே இது வேறு ஊர் என்று தெரிந்துகொள்ளலாம். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் பலநேரம் ஓசையே இருக்காது. அதைச் சலிப்பு என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் உண்டு. கவனித்துக் கேட்டால், ஒரு பிடி இறுகும்போது மட்டும் மெல்லிய முனகல் எழும். சூடு ஏறியபின் பதினாறாயிரம் பேர் காலால் தரையை உதைக்கும் சத்தம் ஒலிப்பதிவையே நடுக்குகிறது. வாடாவின் கை மூன்றாவது முறை தரையில் படுவதற்கு ஒரு விரற்கடை முன் தோள் எழும்பும்போது வரும் குரல், அடியைப் பாராட்டுவது அல்ல. இன்னும் முடியவில்லை என்ற நிம்மதி.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், வெட்டு. நிப்பான் டிவியில் ஒளிபரப்பான ஆல் ஜப்பான் நிகழ்ச்சி நள்ளிரவு நேரத்துக்குத் தள்ளப்பட்டு, பிறகு அரைமணி நேரமாகவும் சுருங்கியது. நாற்பது நிமிட ஆட்டம் அதில் எப்படி அடங்கும்? நடுப்பகுதியை வெட்டிவிட்டுக் கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் காட்டினார்கள். வெட்டப்பட்ட வடிவத்தில் எல்லா ஆட்டமும் அனல் பறக்கும். மெதுவாகக் கட்டிய பகுதிதானே போயிருக்கிறது. வணிக வீடியோவாக வெளிவந்தவற்றில்தான் முழு ஆட்டம் கிடைத்தது. ஆகவே மதிப்பெண்ணைப் பார்க்கும்போது எந்தப் பதிப்புக்குப் போட்டது என்று கேட்பது நல்லது. கவனமாகக் குறிப்பு எழுதுபவர்கள் வெட்டுப்பட்ட ஆட்டத்துக்கு நட்சத்திரமே போடுவதில்லை. அது நேர்மை.

நீளத்தின் மேல் உள்ள மோகத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து நட்சத்திரப் பட்டியலில் முப்பது நிமிடத்தைத் தாண்டியவையே அதிகம். 1993 ஜூலை 29 அன்று ஹான்சனும் கோபாஷியும் மோதியது அதைவிடக் குறைந்த நேரம். ஹான்சனுக்குக் கண்பார்வை மந்தம். எதிராளி எங்கே இருக்கிறார் என்று சரியாகத் தெரியாததால் எல்லா அடியையும் முழு வேகத்தில் போடுவார் என்பது அந்தக் காலத்து வேடிக்கைப் பேச்சு, அதில் உண்மையும் உண்டு. கோபாஷி கடைசியில் கயிற்றின் உச்சியில் ஏறி முதுகுப்புறமாகப் பாயத் தயாராகும்போது, ஹான்சனின் லாரியட் என்ற வீச்சுக்கை அடி அங்கேயே அவரைச் சந்திக்கிறது. என்னிடம் கேட்டால் நால்வரின் பல நீண்ட ஆட்டங்களைவிட இதை மேலே வைப்பேன். ஒரு நொடிகூட வீண் இல்லை.

வரிசையாகப் பார்ப்பதில் ஒரு விலையும் உண்டு. அதை மறைத்து மதிப்பெண் பேசக்கூடாது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதன் தொடர்ச்சி என்றால், முந்தைய ஆட்டத்தை முடித்த அடி இந்த ஆட்டத்தை முடிக்கப் போதாது. நேற்றைய பவர்பாம்ப் இன்று இரண்டோடு நிற்கும். அப்படியானால் அடுத்தது என்ன? தலை. 1996க்குப் பிறகு கழுத்தின்மேல் இறக்குவது வழக்கமாகிவிட்டது. 1997 ஜனவரி 20 அன்று ஒசாகாவில் மிசாவாவும் கோபாஷியும் மோதியது எல்லா வகையிலும் மகத்தான ஆட்டம். ஆனால் அதில் சில இடங்களில் நான் பார்ப்பது கதையை அல்ல, கழுத்தை. 1999 ஜனவரி 22 அன்று அதே நகரத்தில் கவாடா ஆட்டத்தின் நடுவில் கை முறிந்த நிலையில் மிசாவாவைப் பவர்பாம்புக்குத் தூக்கினார். பிடி நழுவி மிசாவா நேராகத் தலைமேல் விழுந்தார். இருவரும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கவாடா பட்டத்தை வென்று, காயத்தால் உடனே அதைத் துறந்தார். அதற்கு ஒன்பது நாள் கழித்துப் பாபா இறந்தார்.

மறு ஆண்டு மிசாவா பெரும்பாலான வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறி நோவா நிறுவனத்தைத் தொடங்கினார். கவாடாவும் ஃபுச்சியும் ஆல் ஜப்பானில் தங்கினார்கள். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு டேக் போட்டியில், ஆயிரம் முறை வாங்கிப் பழகிய பின்னாலிருந்து தூக்கிப் பின்புறமாகச் சாய்க்கும் சாதாரண பேக் டிராப் ஒன்றில் விழுந்த மிசாவா எழவில்லை. அன்றிரவே மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 46. கழுத்துத் தண்டுவடக் காயம் என்று செய்திகள் கூறின. அந்த ஒரு அடி அவரைக் கொன்றது என்று யாரும் நம்பவில்லை. இருபது ஆண்டுகளின் அடிகள் சேர்ந்து கொன்றன என்றே பேசினார்கள். அவற்றில் பல, நாம் ஐந்து நட்சத்திரம் போட்டவை. பார்வையாளரின் மதிப்பெண்தான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது என்று நான் சொல்லமாட்டேன். டோக்கியோவில் ஆடியவர்கள் அமெரிக்கச் செய்திமடலுக்காக ஆடவில்லை. ஆனால் இன்று ஆடுபவர்களுக்கு எண் தெரியும்.

2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நியூ ஜப்பானின் கஸுச்சிகா ஒகாடா – கென்னி ஒமேகா ஆட்டத்துக்கு மெல்ட்சர் ஆறு நட்சத்திரம் கொடுத்தார். 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் அதே இருவர் மூன்று சுற்றுகளில் இரண்டு வெல்ல வேண்டும் என்ற விதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோதியதற்கு ஏழு. ஐந்தை உச்சம் என்று சொன்ன அளவுகோலில் ஏழு விழுந்தபின் பழைய ஐந்துகளுக்கு என்ன மதிப்பு என்று சண்டை மூண்டது. அந்தச் சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஒகாடாவும் ஒமேகாவும் நான்கு ஆட்டங்களில் கட்டியதும் தொடர்கதைதான், அதுவும் நல்ல கதை. குறை சொல்வதென்றால் ஒன்றைச் சொல்லலாம்: ஏழு நட்சத்திர ஆட்டத்துக்கு முந்தைய மூன்றைத் தேடிப் பார்க்கச் சொல்லும் எண்ணாக அது இல்லை, தன்னை மட்டும் பார்க்கச் சொல்கிறது.

தொடங்க விரும்புபவர்களுக்கு என் யோசனை எளிது. 1990 மே மாத முகமூடிக் காட்சி, ஜூன் 8 ஆட்டம், 1991இன் ஆறு பேர் ஆட்டம், பிறகு 1993 பிரிவுக்குப் பின் அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று நடந்த டேக் இறுதிப் போட்டி, 1994 ஜூன் 3, 1995 ஜூன் 9. மதிப்பெண்ணை ஆட்டம் முடிந்த கையோடு எழுத வேண்டாம். அடுத்த ஆட்டத்தைப் பார்த்தபின் முந்தையதற்கு எழுதலாம். 1994க்கு நான் போட்டிருந்த எண் 1995ஐப் பார்த்தபின் ஏறியது. 1998 மே 1 அன்று டோக்கியோ டோமில் கவாடா ஒருவழியாகத் தனியாட்டத்தில் மிசாவாவிடமிருந்து பட்டத்தை எடுத்தார்; அது எதிர்பார்ப்பின் உயரத்துக்கு எட்டாத ஆட்டம், இருவர் உடம்பும் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. அதற்கு நான் நாலு போடுகிறேன். அதற்கு மேல் போடுபவர்களோடு வாதாடமாட்டேன்.

அதற்கு முன் 1996 டிசம்பர் 6 அன்று புடோகானில் நடந்த டேக் லீக் இறுதிப் போட்டியைப் பார்த்துவிடுங்கள். கவாடாவும் தாவேயும் அப்படியே இருக்கிறார்கள். மிசாவா பக்கத்தில் கோபாஷிக்குப் பதில் ஜுன் அகியாமா என்ற இளைஞர். 1995ஐப் பார்த்தவருக்கு அகியாமாவின் ஒவ்வொரு அசைவிலும் இவர் கோபாஷி ஆவாரா என்ற கேள்வி எழும். இதுவும் ஐந்து நட்சத்திரம்தான். மற்ற பல ஆட்டங்களின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன். இதன் முடிவைச் சொல்லவில்லை.